மந்திரம் இல்லாத வழிபாடு

சிவகாசியை அடுத்த எம். புதுப்பட்டி வட்டாரத்தில் பட்டாசு ஆலைக்குள் போகிறவர்கள் தீப்பெட்டியையும் செல்போனையும் வெளியிலேயே விட்டுவிட வேண்டும் என்பது விதி. பருத்தி உடைதான் உடுத்த வேண்டும். மருந்து செலுத்தும் அறையில் அனுமதித்த எண்ணிக்கைக்கு மேல் ஆட்கள் இருக்கக் கூடாது. பொழுது சாய்ந்தால் வேலை இல்லை. பகலெல்லாம் ஒரு பொறிகூட எழாமல் காத்துவிட்டு வீடு திரும்பும் பெண்கள் பலர், அந்தியில் கைகால் கழுவி, திரியைத் திருத்தி, சாமி படத்துக்கு முன் விளக்கேற்றுகிறார்கள். மந்திரம் இல்லை, பூசாரியும் இல்லை. இதை முறையான சந்தியா வழிபாட்டின் தேய்ந்த வடிவமாக எண்ணுவோர் உண்டு. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. இது தன்னளவில் முழுமையான வழிபாடு.

சந்தியாவந்தனத்துக்கு உபநயனம் வேண்டும். மாலையில் அர்க்கியம் விட்டு, மேற்கு நோக்கிக் காயத்ரி ஜபிக்க வேண்டும். கோயிலின் சாயரட்சைக்கும் பிரதோஷத்துக்கும் அர்ச்சகர் வேண்டும். வீட்டு விளக்குக்கு இவை எதுவும் தேவைப்பட்டதில்லை. பத்துப்பாட்டில் ஒன்றான நெடுநல்வாடையில், மழை மூட்டத்தால் பொழுது தெரியாத பெண்கள், பூந்தட்டில் இட்ட பிச்சி அரும்பு மலர்வதைக் கொண்டு மாலையை அறிகிறார்கள். இரும்பு விளக்கில் நெய் தோய்ந்த திரியைக் கொளுத்தி, நெல்லும் பூவும் தூவிக் கைதொழுகிறார்கள். முல்லைப்பாட்டிலும் முதிய பெண்கள் நெல்லும் முல்லையும் தூவித் தொழுதே நற்சொல் கேட்க நிற்கிறார்கள். இரண்டு இடத்திலும் புரோகிதர் இல்லை. மின்சாரம் இல்லாத காலத்துத் தேவை பழக்கமாகிவிட்டது, அவ்வளவுதான் என்று சொல்வதானால், வெறும் வெளிச்சத்துக்கு ஏற்றிய விளக்கானால் நெல்லையும் பூவையும் ஏன் தூவினார்கள்? டியூப்லைட் எரிந்ததும் கன்னத்தில் போட்டுக்கொள்ளும் வழக்கம் இன்றும் பல வீடுகளில் இருக்கிறதே!

உழைத்துக் களைத்தவளுக்கு இது இன்னொரு சுமை என்ற பேச்சில் உண்மை இருக்கிறது. ஆனால் பெண்தான் ஏற்ற வேண்டும் என்று அந்த விளக்கு கேட்கவில்லை. ஆண் ஏற்றினாலும் பிள்ளை ஏற்றினாலும் அது விளக்குதான். இதைவிடக் கடுமையானது வேறொரு கேள்வி. 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டி பட்டாசு ஆலை வெடிவிபத்தில் முப்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். 2023 அக்டோபர் 17 அன்று ரெங்கபாளையத்தில் நடந்த வெடிவிபத்தில் பத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள், பெரும்பாலும் பெண்கள். இவர்கள் வீடுகளிலும் விளக்கு எரிந்திருக்குமே, அது ஏன் காக்கவில்லை? உயிரைக் காப்பது விளக்கின் வேலை என்று நினைப்பதில்தான் பிழை தொடங்குகிறது. அளவுக்கு மீறிய மருந்து, அறைக்கு மீறிய ஆட்கள், உள்குத்தகை ஆகியவற்றைத் தடுப்பது உரிமையாளரின் கடமை, அரசின் கடமை. அதைச் செய்யாமல் சாமி பார்த்துக்கொள்ளும் என்று சொல்வது பக்தி ஆகாது; தொழிலாளியின் பக்தியைத் தன் தவறுக்கு மறைப்பாக்குவது.

அப்படியானால் அந்தி விளக்கு என்னதான் தருகிறது? பகலில் நெருப்பு இந்த மக்களுக்கு அச்சம். ஒவ்வொரு அசைவையும் அதற்குப் பயந்தே செய்ய வேண்டும். மாலையில் அதே நெருப்பை அவர்களே, தங்கள் விருப்பப்படி, ஒரு திரியின் அளவுக்குள் ஏற்றி, கும்பிடுகிறார்கள். நாளின் பெரும்பகுதி கூலிக்கும் முதலாளியின் கணக்குக்கும் போய்விட்ட பின், யாருக்கும் கணக்குச் சொல்ல வேண்டாத சில நிமிடங்கள் இவை. அங்கே வேண்டுதல் இருக்கலாம், நன்றி இருக்கலாம், வெறும் மௌனமும் இருக்கலாம். சாத்திரம் படித்தவரின் ஜபத்துக்குத் தரும் மதிப்பை இதற்கும் தர நாம் ஏன் தயங்குகிறோம் என்று எனக்குப் புரியவில்லை.