படம் ஓடுகிறது, குரல் எங்கே?

தீபாவளிக்கு ரெக்கார்டரில் பதிவு செய்து வைத்த படத்தைக் குடும்பத்தோடு உட்கார்ந்து பார்க்கிறீர்கள். படம் பளிச்சென்று ஓடுகிறது, சத்தத்தைக் காணோம். அல்லது பாட்டும் சண்டையும் வீட்டையே அதிர வைக்கின்றன, வசனம் மட்டும் முணுமுணுப்பாகக் கேட்கிறது. "எனக்குத்தான் காது மந்தமாகிவிட்டது" என்று தாத்தா தன்னையே நொந்துகொள்கிறார். பல வீடுகளில் குறை அவர் காதில் இல்லை. ரெக்கார்டரின் அமைப்பில் இருக்கிறது.

ரிமோட்டை எடுத்து, ரெக்கார்டரின் 'ஆடியோ' மெனுவுக்குள் 'டிஜிட்டல் அவுட்புட்' என்பதைத் தேடுங்கள். பெரும்பாலும் 'பிசிஎம்', 'பிட்ஸ்ட்ரீம்' என இரண்டு தேர்வுகள் இருக்கும். பிசிஎம் என்றால், சுருக்கப்பட்ட ஒலியை ரெக்கார்டரே பிரித்துக் கொடுக்கும். டிவிக்கு அது சுலபமாகப் புரியும். பிட்ஸ்ட்ரீம் என்றால், டோல்பி, டிடிஎஸ் போன்ற ஒலியைப் பிரிக்காமல் அப்படியே அனுப்பிவிடும். அதைப் பிரிக்கத் தெரியாத டிவி மௌனமாகிவிடும். ஆகவே, ரெக்கார்டரை நேராக டிவியில் இணைத்திருந்தால் பிசிஎம் போதும். டோல்பி வசதியுள்ள சவுண்ட்பாருடன் இணைத்திருந்தால் பிட்ஸ்ட்ரீம் வைக்கலாம்.

அடுத்தது கேபிள். எச்டிஎம்ஐ கேபிள் படத்தையும் ஒலியையும் சேர்த்தே கொண்டுபோகும். ஆப்டிகல் கேபிள் ஒலியை மட்டும் ஒளியாக அனுப்பும். புதிய ஆப்டிகல் கேபிளின் முனையில் சிறிய பிளாஸ்டிக் மூடி இருந்தால், கழற்றிவிட்டுச் செருகுங்கள். டிவியின் ஒலியைச் சவுண்ட்பாருக்கு அனுப்ப எச்டிஎம்ஐ பயன்படுத்துவதென்றால், இரண்டு கருவியிலும் 'ஏஆர்சி' என்று எழுதியுள்ள துளையில்தான் செருக வேண்டும். பக்கத்துத் துளையில் செருகினால் சத்தம் வராது.

இனி வசனம். 5.1 ஒலியில் பேச்சு பெரும்பாலும் நடு ஸ்பீக்கருக்கென்றே பதிவாகியிருக்கும். டிவியில் இருப்பதோ இரண்டு சிறிய ஸ்பீக்கர்கள், அதுவும் பல டிவிகளில் கீழ்நோக்கியோ பின்னோக்கியோ. அங்கே இசையும் பேச்சும் கலந்து, பேச்சு அமுங்கிப்போகிறது. மெனுவில் 'நைட் மோட்' அல்லது 'டிஆர்சி' இருந்தால் போட்டுப் பாருங்கள். உரத்த ஒலி தணியும், மெல்லிய குரல் எழும். தூங்கும் குழந்தையும் விழிக்காது. உதடு ஒரு பக்கம், குரல் ஒரு பக்கம் என்று போனால் 'ஆடியோ டிலே' மூலம் சரிசெய்யலாம்.

வானொலியில் எங்களிடம் இருப்பது குரல் மட்டுமே. ஒரு சொல் தெளிவாகக் கேட்காவிட்டால் நேயர் நம்மை விட்டுப் போய்விடுவார். வரவேற்பறையிலும் அதே கதைதான். கேட்காத பெரியவர் சிறிது நேரம் திரையையே பார்த்திருப்பார். பிறகு எழுந்து அறைக்குப் போய்விடுவார். இவ்வளவும் செய்த பிறகும் வசனம் எட்டவில்லை என்றால், காதைப் பரிசோதித்துக்கொள்ளட்டும். அதற்கு முன், பத்து நிமிடம் ஒதுக்கி அந்த மெனுவைத் திறந்து பாருங்கள்.