40 வயசுக்கு மேல கரியரை மாத்த முடியுமா? வெரா வாங் வாழ்க்கை சொல்லும் பதில்!

'இந்த வயசுக்கு மேல புதுசா என்னத்த ஆரம்பிக்கிறது?' - புரமோஷன் கைநழுவிப்போன அக்காவோ, வேலையை விட்ட சித்தியோ இப்படிச் சொல்லிக் கேட்டிருப்பீங்க. அவங்களுக்கு வெரா வாங் பத்திச் சொல்லுங்க.

திருமண கவுன் என்றாலே ஹாலிவுட் பிரபலங்கள் தேடிப்போகும் அமெரிக்க டிசைனர் இவர். ஆனால், தன் முதல் கடையை நியூயார்க்கில் திறந்தது 1990-ல். அப்போது வயது 40-ஐத் தாண்டிவிட்டது!

கைவிட்டுப்போன இரண்டு கனவுகள்

சின்ன வயசுல வெராவுக்கு ஐஸ் ஸ்கேட்டிங்தான் உலகம். 1968 ஒலிம்பிக்கில் ஆட ஆசைப்பட்டார். அமெரிக்க அணியில் இடம் கிடைக்கவில்லை.

அடுத்து 'வோக்' ஃபேஷன் இதழ். அங்கே கிட்டத்தட்ட 17 வருஷம் உழைத்தார். ஆனால், தலைமை ஆசிரியர் நாற்காலி தனக்குக் கிடைக்காது என்பது புரிந்தது. விலகி, ரால்ஃப் லாரன் நிறுவனத்தில் டிசைன் பிரிவில் சேர்ந்தார்.

கிடைக்காத கவுன் காட்டிய வழி

1989-ல் அவருக்குத் திருமணம். கடை கடையாக அலைந்தும், அந்த வயதில் தனக்குப் பொருந்துகிற மாதிரி ஒரு கவுன் கிடைக்கவில்லை. தானே டிசைன் செய்துகொண்டார். 'நம்மள மாதிரி எத்தனை பேர் அலையுறாங்களோ' என்ற இடத்தில்தான் பிசினஸ் ஒளிந்திருந்தது.

பழசு எதுவும் வீணாகல

இதைத்தான் நாம கவனிக்கணும். வெரா முதல்ல இருந்து தொடங்கவே இல்லை. எது அழகு என்று பார்க்கும் கண், 'வோக்' கொடுத்தது. துணி எப்படிக் கடைக்கு வருகிறது என்பதை ரால்ஃப் லாரனில் கற்றார். ஸ்கேட்டிங்கும்கூட கைகொடுத்தது. 1994 ஒலிம்பிக்கில் வெள்ளி வென்ற நான்சி கெர்ரிகனின் உடை, வெரா டிசைன் செய்ததுதான். இடம் தராத அதே விளையாட்டு, உடை வடிவமைப்புக்காக 2009-ல் அவரை ஹால் ஆஃப் ஃபேமில் சேர்த்துக்கொண்டது.

ஒரு உண்மையையும் சொல்லிடணும். வெராவுக்கு முதலீடு தர வசதியான அப்பா இருந்தார். எல்லோருக்கும் அது அமையாது. அதனால, இருக்கிற வேலையை உடனே உதறிடாம, வார இறுதியில் சின்னதா ஆரம்பிச்சுப் பார்க்கலாம். அதுக்கு முன்னாடி ஒரு பேப்பர்ல ரெண்டே விஷயம் எழுதுங்க: இத்தனை வருஷத்துல எனக்குக் கைவந்த வேலை எது? நான் தேடியும் கிடைக்காத பொருள் எது?

ரெண்டும் சந்திக்கிற இடம்தான், அடுத்த கதவு!