கங்கில் சுட்ட மீன்

பழவேற்காட்டு மீனோ இறாலோ வாங்கிவந்து வீட்டில் தணலில் சுடுகிறீர்களா? கொழுப்பு நெருப்பில் சொட்டிப் புகை எழும்போது, புற்றுநோயோடு தொடர்புடைய வேதிப்பொருள்கள் அந்தப் புகை வழியே மீனில் படிகின்றன. தீ அடங்கிய கங்கில், அடிக்கடி திருப்பிச் சுடுங்கள். கருகிய இடத்தைக் கிள்ளி எறியுங்கள். மொறுமொறுப்பு கொஞ்சம் குறையும், போகட்டும்!

வாங்கும்போதும் கவனம் வேண்டும். சந்தையில் வயிற்றடியில் முட்டைக்கொத்து அப்பிய சினைநண்டு கிடந்தால் வாங்காதீர்கள். ஒரே நண்டில் லட்சக்கணக்கான முட்டைகள் இருக்கும்.

அளவோடு எடுப்பது பழவேற்காடு ஏரிக்குப் புதிதல்ல. கோட்டைக்குப்பம் போன்ற ஊர்களில் ‘பாடு’ என்றொரு வழக்கம் உண்டு. இறாலுக்குச் சுத்துவலை கட்டும் இடங்களை மீனவர்கள் முறைவைத்துப் பிரித்துக்கொள்கிறார்கள். இன்று உங்கள் முறை. நாளை பக்கத்து வீட்டுக்காரர் முறை.