நியமன நாற்காலிகள்: தாராவிக்கு ஓர் இடம் உண்டா?

யாருக்கு வீடு, எத்தனை சதுர அடி, எந்த இடத்தில் என்று தீர்மானிக்கும் அமைப்புகளின் உறுப்பினர்கள் தேர்தலில் நிற்பதில்லை. அரசின் ஒரு கையெழுத்தில் வந்து உட்காருகிறார்கள். அந்தக் கையெழுத்து எப்படி விழுகிறது?

தாராவியின் 90 அடி ரோட்டில் யாரை நிறுத்திக் கேட்டாலும் தொகுதி எம்.எல்.ஏ.வின் பெயரைச் சொல்வார்கள். தண்ணீர் வராவிட்டால் எந்தக் கார்ப்பரேட்டரின் அலுவலகத்துக்கு ஓட வேண்டும் என்பதும் தெரியும். எஸ்.ஆர்.ஏ. என்று எல்லோரும் சொல்லும் குடிசை மறுவாழ்வு ஆணையத்தில் உறுப்பினர்கள் யார் யார் என்று கேட்டால் பதில் வருவது அரிது. ஆனால் கார்ப்பரேட்டர் தருவது குழாய். ஆணையம் தருவது, அல்லது மறுப்பது, வீடு.

சிவசேனை-பா.ஜ.க. கூட்டணி ஆட்சியில், 1995 டிசம்பரில் எஸ்.ஆர்.ஏ. உருவானது. அதன் தலைவர் முதலமைச்சர். தலைமை நிர்வாகி ஓர் ஐ.ஏ.எஸ். அதிகாரி. இவர்களைத் தவிர 14 உறுப்பினர்கள்: அமைச்சர்கள், சட்டமன்ற உறுப்பினர்கள், துறைச் செயலாளர்கள். இவர்களோடு கட்டுமானம், கட்டடக் கலை, நகரத் திட்டம், சமூக சேவை ஆகிய துறைகளில் தேர்ந்த, அரசு சாராத சிலர். எல்லோரையும் நியமிப்பது மாநில அரசு. 'சமூக சேவை' என்ற சொல்லுக்குள் குடிசைவாசி ஒருவர் நுழைந்துவிடலாம் என்று நினைக்க இடமிருக்கிறது. ஆனால் அது அரசு மனது வைத்தால் கிடைக்கும் வாய்ப்பு. உரிமை அல்ல.

மும்பையின் மற்ற குடிசைப் பகுதிகளில் இந்தக் குறையை ஈடுகட்ட ஒரு வழி உண்டு. பில்டர் வேலையைத் தொடங்கக் குடியிருப்பவர்களின் சம்மதம் வேண்டும். முதலில் 70 சதவீதம் என்றிருந்தது. பிறகு 51 ஆகக் குறைந்தது. தாராவிக்கு அந்தப் பாதுகாப்பும் இல்லை. 2004-இல் முழுப் பகுதியையும் ஒரே திட்டமாக மாற்றியமைக்க அரசு முடிவு செய்தபோது, இது அரசின் சிறப்புத் திட்டம் என்பதால் சம்மத விதியிலிருந்து விலக்கு கிடைத்தது. மக்களின் கையெழுத்து தேவையில்லை என்றான பிறகு, முடிவெடுக்கும் மேசையில் யார் உட்காருகிறார்கள் என்பதே முக்கியமாகிவிடுகிறது.

திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்து, தோல் பதனிடும் தொழிலில் தலைமுறைகளைக் கழித்த குடும்பங்கள் இங்கே ஏராளம். 2000 ஜனவரி 1-க்கு முன்பு தரைத்தளத்தில் குடியிருந்ததற்கு ஆதாரம் இருந்தால் தாராவிக்குள்ளேயே இலவச வீடு, 350 சதுர அடி. அதற்குப் பின் 2011 தொடக்கம் வரை வந்தவர்களுக்கு இரண்டரை லட்ச ரூபாய்க்கு, தாராவிக்கு வெளியே. ஒரு தேதியின் இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்பதில் ஒரு குடும்பத்தின் பள்ளிக்கூடம், பிழைப்பு, உறவு எல்லாம் அடங்கியிருக்கின்றன.

நியமனத்தால் ஒரு நல்லதும் நடந்திருக்கிறது. சாட்சி தாராவியே.

ஏ. ஜோக்கின் கோலார் தங்கவயலில் பிறந்த தமிழர். செம்பூரை ஒட்டிய ஜனதா காலனியில் வாழ்ந்தவர். பாபா அணு ஆராய்ச்சி மையத்துக்காக அந்தக் காலனி 1976-இல், நெருக்கடி நிலையின்போது இடிக்கப்பட்டது. மக்கள் சீத்தா கேம்ப்புக்கு மாற்றப்பட்டார்கள். அந்தப் போராட்டத்திலிருந்து எழுந்த ஜோக்கின் தேசிய குடிசைவாசிகள் கூட்டமைப்பை உருவாக்கினார். 2000-இல் மகசேசே விருது பெற்றார். 2018-இல் காலமானார். தாராவித் திட்டத்துக்கு உலக அளவில் டெண்டர் விடப்பட்ட 2007-இல், மக்களைக் கூட்டாளியாகச் சேர்த்துக்கொள்ளுங்கள், இல்லையேல் மோதல்தான் என்று எழுத்திலேயே எச்சரித்தவர் அவர்.

இத்தகைய நெருக்குதல்களுக்குப் பிறகு அரசு ஒரு வல்லுநர் குழுவை அமைத்தது. முன்னாள் தலைமைச் செயலாளர் டி.எம். சுக்தாங்கர் தலைவர். குழு அரசுக்கு ஆமாம் போடவில்லை. 2009 ஜூலையில் முதல்வர் அசோக் சவானுக்கு அனுப்பிய பகிரங்கக் கடிதத்தில், இது மக்கள் நலனைவிட நிலத்தையே குறிவைக்கும் திட்டம் என்று போட்டு உடைத்தது. 2011-இல் அந்த டெண்டர் முயற்சியே கைவிடப்பட்டது. ஏலக்காரர்கள் விலகியது, அரசின் தயக்கம் என்று காரணங்கள் பல. ஆனாலும், அரசு நியமித்தவர்களே அரசைக் கேள்வி கேட்க முடியும் என்பதற்கு அந்தக் கடிதம் உதாரணம். அந்தக் குழுவின் பலவீனமும் அதில் தெரிகிறது. ஆலோசனை சொல்லலாம், தடுத்து நிறுத்தும் அதிகாரம் கிடையாது.

இன்றைய ஏற்பாடு வேறு. 2022 நவம்பரில் 5,069 கோடி ரூபாய்க்கு ஏலம் கேட்டு அதானி குழுமம் முந்தியது. இதற்காக உருவான கம்பெனிக்கு இப்போது நவபாரத் மெகா டெவலப்பர்ஸ் என்று பெயர். அதில் 80 சதவீதப் பங்கு அதானி குழுமத்திடம், 20 சதவீதம் மாநில அரசிடம். கம்பெனி போர்டில் டைரக்டர்களை நியமிப்பது பங்குதாரர்களின் உரிமை. வீட்டை இழந்து வீட்டைப் பெறப்போகிறவர் பங்குதாரர் அல்ல.

இந்தத் திட்டம் சூடுபிடித்த காலத்தில் மாநகராட்சியில் மக்கள் பிரதிநிதிகளும் இல்லை. மும்பை மாநகராட்சி மன்றத்தின் ஆயுள் 2022 மார்ச் 7-ஆம் தேதி முடிந்தது. அடுத்த தேர்தல் 2026 ஜனவரியில்தான் நடந்தது. இடைப்பட்ட கிட்டத்தட்ட நான்கு ஆண்டுகள் நகரத்தை ஆண்டவர் அரசு நியமித்த நிர்வாகி.

மாநகராட்சிக்குள்ளேயே நியமன உறுப்பினர் என்ற இனமும் உண்டு. 1992-இன் 74-ஆவது அரசியல் சட்டத் திருத்தம் இதற்கு வழி செய்தது. நகராட்சி நிர்வாகத்தில் தனி அறிவோ அனுபவமோ உள்ளவர்கள் மன்றத்தில் உட்காரலாம், பேசலாம், ஓட்டுப் போட முடியாது. மும்பையில் 5 ஆக இருந்த இந்த இடங்களை 2023-இல் 10 ஆக்கினார்கள். டாக்டர், வக்கீல், இன்ஜினியர், தொண்டு நிறுவன நிர்வாகி என்று தகுதிப் பட்டியல் இருக்கிறது. நடைமுறையில் கட்சிகளின் பலத்துக்கேற்ப இடங்கள் பங்கிடப்படுகின்றன. தேர்தலில் தோற்றவருக்கு இது பின்வாசல் என்ற விமர்சனம் பழையது.

மகாராஷ்டிர அரசியலில் 'மகாமண்டல்' என்ற சொல்லுக்குத் தனி மவுசு. அமைச்சர் பதவி கிடைக்காத எம்.எல்.ஏ.வைச் சமாதானப்படுத்த வாரியத் தலைவர் பதவி. கோயில் அறக்கட்டளைகளும் விலக்கல்ல. ஷீரடி சாய்பாபா சன்ஸ்தானுக்கு அரசு நியமித்த நிர்வாகக் குழுவை, 2022 செப்டம்பரில் பம்பாய் உயர் நீதிமன்றத்தின் ஔரங்காபாத் கிளை ரத்து செய்தது. யாரை வேண்டுமானாலும் உட்கார வைக்க அரசுக்கு வெற்றுக் காசோலை கிடையாது என்பதை அந்தத் தீர்ப்பு காட்டியது.

எல்லாக் கதவுகளும் மூடியிருக்கின்றன என்று சொல்ல முடியாது. ரயில்வேயின் பயணிகள் ஆலோசனைக் குழுக்களில் பதிவு பெற்ற பயணிகள் சங்கங்களுக்கு இடமுண்டு. ஊருக்குப் போகும் ரயிலுக்காக ஆண்டுதோறும் அல்லாடும் மாட்டுங்கா, செம்பூர் தமிழர்கள் கண் வைக்க வேண்டிய நாற்காலி இது.

வழிமுறை இல்லாமலும் இல்லை. பிரிட்டனில் பதவிகள் வேண்டியவர்களுக்குப் போகின்றன என்ற புகார் வலுத்தபோது, 1995-இல் பொது நியமனங்களைக் கண்காணிக்கத் தனி ஆணையரை ஏற்படுத்தினார்கள். நம் உச்ச நீதிமன்றமும் 2019 பிப்ரவரியில், அஞ்சலி பரத்வாஜ் வழக்கில், தகவல் ஆணையர் நியமனத்துக்கு இதே திசையில் உத்தரவிட்டது. தேர்வுக் குழுவில் யார், தேர்வின் அளவுகோல் என்ன, இறுதிப் பட்டியலில் யார் என்பதெல்லாம் இணையதளத்தில் வர வேண்டும். ஓய்வு பெற்ற அதிகாரிகளை மட்டுமே நாடக் கூடாது. தகவல் ஆணையருக்குப் பொருந்தும் நியாயம், கூரையைத் தீர்மானிக்கும் ஆணையத்துக்கு ஏன் பொருந்தக் கூடாது?

சட்டம் மாறும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. 2005-இன் தகவல் உரிமைச் சட்டம் 4-ஆவது பிரிவின்படி, தனக்குக் கீழுள்ள வாரியங்கள், குழுக்கள் எவை, அவற்றின் கூட்டங்களில் பொதுமக்கள் கலந்துகொள்ளலாமா, கூட்டக் குறிப்பைப் பார்க்கலாமா என்பதை ஒவ்வொரு அரசு அமைப்பும் தானாகவே வெளியிட வேண்டும். வெளியிடாவிட்டால் மகாராஷ்டிரத்தில் பத்து ரூபாய் கட்டணத்தில் மனு போடலாம். உறுப்பினர்கள் யார், எந்த விதியின்படி வந்தார்கள், பதவிக் காலம் எப்போது முடிகிறது என்ற மூன்று கேள்விகள் போதும். சங்கக் கூட்டங்களில் மாலை போட ஆள் தேடும் நேரத்தில் கொஞ்சத்தை இந்த மனுவுக்கு ஒதுக்கினால், அடுத்த பட்டியல் தயாராகும்போது ஒரு தாராவிப் பெயரையாவது முன்வைக்கலாம். காலியிடம் எப்போது என்று தெரியாதவருக்கு யாரும் நாற்காலி எடுத்து வைப்பதில்லை.