'மம்பிள்' என்னும் ஆங்கிலச் சொல்

ஆங்கிலப் புதினங்களைத் தமிழாக்குவோர் 'மம்பிள்', 'மட்டர்', 'மர்மர்' என்னும் மூன்று வினைகட்கும் 'முணுமுணுத்தான்' என்னும் ஒன்றையே எழுதிச் செல்லக் காண்கிறோம். மூன்றும் தெளிவிலாப் பேச்சைக் குறிப்பினும் ஒருபொருட்சொற்கள் அல்ல. 'மட்டர்' என்பதில் மனக்குறை பெரும்பாலும் உடன்நிற்கும். இலத்தீன்வழி வந்த 'மர்மர்' மெல்லொலியாதலின் ஓடைக்கும் உரித்தாம். 'மம்பிள்' என்பதோ, வாய் நன்கு திறவாமையாற் சொல் உருக்குலைதலைச் சுட்டும்.

இச்சொல் 14-ஆம் நூற்றாண்டு ஆங்கிலத்தில் 'மொமெலென்' என வழங்கியது. இதன் அடி, மூடிய வாயினின்று எழும் 'மம்' என்னும் ஒலிக்குறிப்பு என்பர். இதழிரண்டும் கூடப் பகர மகரங்கள் பிறக்கும் எனத் தொல்காப்பியர் பிறப்பியலில் வகுத்தமை ஈண்டு நினையத்தகும். அவ்வொலிக்குறிப்பே ஆங்கிலத்தில் வாளாவிருத்தலையும் குறிக்கும். நம் வழக்கில் 'உம்மென்றிருந்தான்' என்பது போல.

இறுதியிலுள்ள லகர ஈறு, தொழில் மீளமீள நிகழ்தலை உணர்த்துவது. தமிழ் இப்பொருளை அடுக்கொலியால் உணர்த்தும். முணுமுணு என்பது இரட்டைக்கிளவி. அதனைப் பிரித்தாற் பொருளில்லை.

இடையிலுள்ள பகரமோ வேரில் இல்லாதது. மகரத்தினின்று லகரத்திற்கு நாச் செல்லுமுன், மூக்குவழி அடைபட்டு இதழ் இன்னும் மூடியிருக்கும் நொடியில், 'பாம்பு' என்பதிற் கேட்கும் பகரம் தானே தோன்றிவிடுகிறது. தையற்காரர் விரலுறையைக் குறிக்கும் 'திம்பிள்' என்பதிலும் பகரம் இவ்வாறே புகுந்தது. பழைய ஆங்கிலத்தில் அச்சொல்லில் அஃதில்லை.

இதனினும் சுவையுடையது பிறிதொரு பொருள். பல்லில்லாதார் ஈறுகளால் உணவைக் குதப்புதலையும் இச்சொல் தொடக்கந்தொட்டே குறித்தது. செருமானியத்திலும் 'மும்மெல்ன்' என்பது வாய்க்குள் பேசுதலையும், அதனையொத்த 'ம்யும்மெல்ன்' என்பது கொறித்தலையும் குறிக்கும். தமிழரும் சொல்லை 'மென்று விழுங்கினான்' என்கிறோம் அல்லவா?

இவ்வொற்றுமை கண்டு 'முணுமுணு' என்பதனையும் 'மம்பிள்' என்பதனையும் ஓரினமாக்கத் துணிவார் உளர். அது பொருந்தாது. ஒலிக்குறிப்புச் சொற்கள் எம்மொழியிலும் தனித்தனியே பிறக்கவல்லன. இதழ் மூடினால் எந்நாட்டார்க்கும் மகரமே எழும். மொழியினம் காட்டுதற்கு இத்தகு சொற்களைச் சான்றாக்கின், உண்மையான சான்றுகளும் நகைப்பிற்கிடமாகும்.

மொழிபெயர்ப்பாளர் ஒன்றனை மட்டும் கருதல் வேண்டும். 'மென்று விழுங்கினான்' என்பதில் உண்மையை மறைக்கும் தயக்கம் உண்டு. ஆங்கிலச் சொல்லில் அஃது எப்போதும் இல்லை. ஆதலின், உறக்கத்திலோ நாணத்திலோ பேசுவோனுக்கு 'வாய்க்குள்ளேயே சொன்னான்' என்பதே பொருந்தும்.