முதலில் கரண்ட் வரம்பு, அப்புறம் வோல்டேஜ்

டீயைக் குடித்துக்கொண்டே கேளுங்கள் டீச்சர். பவர் சப்ளையைக் கம்ப்யூட்டரிலிருந்து இயக்குவதெல்லாம் ஐஐடிக்காரர்களின் வேலை என்று கேரளத்தின் கொழிஞ்சாம்பாறையிலும் தேவிகுளத்திலும் நம் தமிழ்வழி ஆசிரியர்கள் பலர் ஒதுங்கிப்போகிறார்கள். அது எனக்கு வருத்தம். பத்தாம் வகுப்புப் பிள்ளைக்கும் எட்டுகிற விஷயம் இது.

மேசைச் சப்ளையில் முக்கியமாக இரண்டு குமிழ். ஒன்று வோல்டேஜுக்கு, இன்னொன்று கரண்ட் வரம்புக்கு. பின்பக்கம் யுஎஸ்பி அல்லது லேன் சாக்கெட் இருந்தால், குமிழைத் திருப்புவதற்குப் பதில் ஒரு வரி எழுதி அனுப்பலாம். ‘வோல்ட் 5’ என்றால் ஐந்து வோல்ட். அவ்வளவுதான். அந்தக் காலத்தில் கம்பெனிக்கு ஒரு பாஷையாக இருந்தது. 1990-இல் ‘ஸ்கிப்பி’ என்ற பொதுக் கட்டளை மொழி வந்தபின் பெரும்பாலான கருவிகள் ஒரே மாதிரி பேசுகின்றன. வரியின் முடிவில் கேள்விக்குறி போட்டால் கருவி பதில் சொல்லும்.

புதிதாகத் தொடங்குகிறவர்கள் மாட்டிக்கொள்ளும் இடம் ஒன்று உண்டு. வரி முடிந்தது என்று காட்டும் குறியை, அதாவது என்டர் தட்டினால் விழுகிற எழுத்தை, அனுப்ப மறந்துவிடுவார்கள். வாக்கியம் இன்னும் முடியவில்லை என்று சப்ளை காத்திருக்கும். பதில் வரட்டும் என்று ப்ரோக்ராமும் காத்திருக்கும். கேபிளைக் கழற்றி மாட்டிப் பயனில்லை.

வரிசையில்தான் எல்லாமே இருக்கிறது. முதலில் கரண்ட் வரம்பு, பிறகு வோல்டேஜ், கடைசியில் அவுட்புட் ஆன். முன்பு வேலை செய்தவர் வரம்பை 3 ஆம்பியரில் விட்டுப் போயிருக்கலாம். அதைப் பார்க்காமல் ஆன் செய்தால் சர்க்யூட் கருகிவிடலாம். ஆன் செய்ததும் வோல்டேஜை அளந்து சொல்லும்படி சப்ளையைக் கேளுங்கள். சின்ன மோட்டாரை மாட்டி, 0.1 ஆம்பியர் வரம்பு வைத்து 5 வோல்ட் கேட்கிறோம். பதில் 1 வோல்ட் என்று வரலாம். சப்ளை கெட்டுவிடவில்லை. மோட்டார் கிளம்ப அதிகக் கரண்ட் இழுத்தது. சப்ளை வரம்பைத் தாண்டாமல் வோல்டேஜை இறக்கிக்கொண்டது. நாம் கேட்ட எண் வேறு, கம்பியில் இருக்கும் எண் வேறு. பிள்ளைகளுக்கு இதைக் கண்ணால் காட்டுவதற்காகவே இந்தப் பாடத்தை நடத்தலாம் என்பேன்.

விலை உயர்ந்த சப்ளை இல்லையே என்கிறீர்களா? டெல்லியிலுள்ள பல்கலைக்கழகங்களுக்கிடையிலான முடுக்கி மையத்தில் விஞ்ஞானி அஜித் குமார் தொடங்கிவைத்த ‘எக்ஸ்பைஸ்’ கருவி இருக்கிறது. பள்ளிகளின் தொழில்நுட்பத்தைக் கவனிக்கும் கைட் அமைப்பின் வழியாகக் கேரளப் பள்ளிகளுக்கும் வந்திருக்கிறது. உங்கள் லேபின் அலமாரியைத் திறந்து பாருங்கள். அதன் 2017 வடிவத்தில் ‘பிவி1’ என்ற முனை மைனஸ் 5 முதல் பிளஸ் 5 வோல்ட் வரை தரும். பைத்தான் மொழியில் ஒரே வரியில் மாற்றலாம். பிவி1-இலிருந்து 1000 ஓம் ரெசிஸ்டர், அதற்கடுத்து சிவப்பு எல்இடி, அங்கிருந்து கிரவுண்டு. ரெசிஸ்டரும் எல்இடியும் சேருமிடத்தை, வோல்டேஜை அளக்கும் ‘ஏ1’ முனையில் கொடுங்கள். பூஜ்யத்திலிருந்து சிறிது சிறிதாக ஏற்றி, ஒவ்வொரு படியிலும் ஏ1-ஐப் படிக்கச் சொல்லுங்கள். 4 வோல்ட் கொடுக்கும்போது ஏ1 ஏறக்குறைய 1.8 காட்டும். மீதி 2.2-ஐ 1000-ஆல் வகுத்தால் 2.2 மில்லிஆம்பியர். குமிழைத் திருப்பி நோட்டில் எழுதினால் ஒரு பீரியட் போய்விடும். இங்கே சில விநாடியில் முழு வளைகோடும் திரையில் வரும். ஆனால் பிவி1 சில மில்லிஆம்பியர்தான் தாங்கும். மோட்டாரை அதில் மாட்டாதீர்கள்.

இடுக்கிக்காரர்களுக்குத் தனியாக ஒன்று. ஐப்பசியில் மதியத்துக்குமேல் இடி இறங்கும், கரண்ட் போய்ப்போய் வரும். ஆள் இல்லாமல் ஓடும் ப்ரோக்ராம் நடுவில் நின்றால் சப்ளை தானாக அணையாது. அதனால் பிழை வந்து நின்றாலும் அவுட்புட்டை அணைத்துவிட்டே வெளியேறும்படி எழுதுங்கள். கரண்ட் போய்த் திரும்பும்போது சில மாடல் அணைந்தே எழும்பும். சில பழைய நிலைக்கே போய் மறுபடி ஆன் ஆகும். உங்களுடையது எந்த ரகம் என்று கையேட்டில் பார்த்த பிறகே லேபைப் பூட்டிவிட்டு வீட்டுக்குக் கிளம்புங்கள்.