ஐந்து வயதில் நிறுத்தப்பட்ட மகள்

அமெரிக்க எழுத்தாளர் ஆன் ரைஸின் மகள் மிஷேல், 1972 ஓகஸ்டில், ஆறு வயது நிறையும் முன்பே இரத்தப் புற்றுநோயால் இறந்தாள். அடுத்த ஆண்டு அந்தத் தாய் ஒரு நாவலை எழுத உட்கார்ந்தார். 1976இல் வெளிவந்த 'இன்டர்வியூ வித் த வாம்பயர்' அதுதான். அதில் கிளாடியா என்றொரு சிறுமி. வயது ஐந்து. தன்னை விட்டுப் போகப் பார்க்கும் தோழனைப் பிடித்து வைப்பதற்காக லெஸ்டாட் என்ற இரத்தக் காட்டேறி அவளையும் காட்டேறியாக்கி, இருவருக்கும் மகளாக்குகிறான்.

அவளுக்கு இனிச் சாவில்லை, வளர்த்தியும் இல்லை. அறுபது ஆண்டுகள் கழிகின்றன. முதிர்ந்த பெண்ணின் அறிவும் ஆசையும் ஆத்திரமும் உள்ளே நிரம்பியிருக்க, உடம்பு மட்டும் இடுப்பில் தூக்கி வைக்கும் அளவிலேயே நிற்கிறது. அவர்களோ இன்னும் அவளை உடுத்தி அழகு பார்க்கிறார்கள். தன்னை இப்படி ஆக்கியவனையே கொல்லத் துணிகிறாள் கிளாடியா. அவளைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

'ட்வைலைட்' வரிசையில் 2008இல் வந்த நாவலில், குழந்தையைக் காட்டேறியாக்குவது மரண தண்டனைக்குரிய குற்றம். அடம்பிடிக்கும் பிள்ளையின் கையில் ஊரையே அழிக்கும் பலம் வந்துவிடுமாம். இது பாதி நியாயந்தான். அந்தப் பிள்ளைக்கே இழைக்கப்பட்ட அநியாயத்தை யார் விசாரிப்பது?

ரைஸின் நாவலில் மடலின் என்ற பெண் வருகிறாள். மகளைப் பறிகொடுத்தவள். இறந்த மகளின் முகத்தையே பொம்மை பொம்மையாகச் செய்துகொண்டிருக்கிறாள். அக்கரைப்பற்றிலிருந்து இதை வாசிக்கும்போது அவளை விலகி நின்று பார்க்க முடிவதில்லை. 2004 டிசம்பர் 26 காலை வந்த கடல், அம்பாறை மாவட்டத்தில் மட்டும் 10,000க்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனது. அன்று ஐந்து வயதில் மௌத்தான பிள்ளை இருந்திருந்தால், இன்று கலியாணம் முடிக்கும் வயது. உம்மாவின் மனதிலோ அதே ஐந்து வயதுதான். பிள்ளை திரும்பி வரவேண்டும் என்ற ஏக்கத்தில் ஒரு பிழையும் இல்லை. வந்த பிள்ளை வளரவே கூடாது என்று யாரும் கேட்கமாட்டார்கள். லெஸ்டாட் செய்தது அதைத்தான், அதுவும் தன் தேவைக்காக.

பயங்காட்டுவதற்காக மட்டும் குழந்தைக் காட்டேறியைக் கொண்டுவரும் கதைகள் இந்த இடத்தைத் தொடுவதே இல்லை. எமதூரில் பேய்க்கதை எழுதும் தம்பி தங்கைகளுக்கு ஒரு வேண்டுகோள்: கதையில் ஒரு பிள்ளையைக் காட்டேறியாக்கும் முன், அதற்கு வரப்போகும் நாற்பதாவது வயதையும் எழுதிப் பாருங்கள். எழுத முடியாவிட்டால் அந்தப் பிள்ளையை விட்டுவிடுங்கள்.